விதிகளை மாற்றும் விதி யார் கையில்?

தாயம் ஆடிக்கொண்டிருக்கும்போது ஒருவர் "இனிமேல் மூன்று விழுந்தாலும் காய் இறக்கலாம்" என்று அறிவித்தால் மற்றவர்கள் ஒப்புக்கொள்ள மாட்டார்கள். அழுகுணி ஆட்டம் என்பார்கள். தெருக் கிரிக்கெட்டில் கொஞ்சம் தளர்வு உண்டு. எதிர்வீட்டு மாடியில் பந்து விழுந்தால் அவுட்டா, ஒரு பிட்ச் ஆன பந்தை ஒரு கையால் பிடித்தால் கேட்ச்சா என்பதையெல்லாம் பேசி முடிவுசெய்துகொள்ளலாம், நடுவில் மாற்றிக்கொள்ளவும் செய்யலாம். ஆனால் அங்கும் அந்தப் பேச்சு ஆட்டத்துக்கு வெளியே நடக்கிறது. ரன் எடுப்பதும் விக்கெட் எடுப்பதுமே ஆட்டம்.

நாமிக் என்ற ஆட்டத்தில் இந்த எல்லை இல்லை. ஒரு விதியை மாற்ற முன்மொழிவதும், அந்த முன்மொழிவின் மேல் எல்லோரும் வாக்களிப்பதும்தான் அங்கே காய் நகர்த்தல். இதைக் கேட்டதும் இரண்டு கேள்விகள் எழும். பெரும்பான்மை கையில் இருந்தால் எதையும் செய்துவிடலாமா? "நான்தான் வென்றேன்" என்றே ஒரு விதியை நிறைவேற்றிக்கொண்டால் யார் தடுப்பது? இரண்டுக்கும் விடை வாக்கு எண்ணிக்கையில் இல்லை. எத்தனை வாக்கு தேவை என்று சொல்லும் விதி எங்கே இருக்கிறது, வாக்களிக்கத் தகுதியுள்ளவர் யார் என்று சொல்லும் விதி எங்கே இருக்கிறது என்பதில்தான் இருக்கிறது.

எங்கிருந்து வந்தது

நாமிக்கை 1982-இல் உருவாக்கியவர் பீட்டர் சூபர். அமெரிக்காவின் இண்டியானா மாநிலத்தில் உள்ள எர்ல்ஹாம் கல்லூரியில் தத்துவம் கற்பித்தவர். அதே ஆண்டு ஜூனில் 'சயின்டிஃபிக் அமெரிக்கன்' இதழில் டக்ளஸ் ஹாஃப்ஸ்டாடர் தம் பத்தியில் இதை விரிவாக அறிமுகப்படுத்தினார். சட்டம் என்று பொருள்படும் 'நோமோஸ்' என்ற கிரேக்கச் சொல்லிலிருந்து பெயர் வந்தது.

சூபர் பொழுதுபோக்குக்காக இதைச் செய்யவில்லை. ஓர் அரசியலமைப்பு, தன்னைத் திருத்தும் வழியைச் சொல்லும் பிரிவையே அந்தப் பிரிவைக் கொண்டு திருத்த முடியுமா என்பது அவர் ஆராய்ந்துகொண்டிருந்த கேள்வி. நாலைந்து பேர் மேசையைச் சுற்றி உட்கார்ந்து அந்தக் கேள்வியை நேரடியாக அனுபவிக்கும்படி ஆட்டத்தை வடிவமைத்தார்.

இரண்டு அடுக்குகள்

தொடக்கத்தில் 29 விதிகள் உள்ளன. 101 முதல் 116 வரையிலான 16 மாறா விதிகள். 201 முதல் 213 வரையிலான 13 மாறும் விதிகள். புதிய முன்மொழிவுகளுக்கு 301-லிருந்து எண் கொடுக்கப்படும்.

'மாறா விதி' என்ற பெயரைப் பார்த்து அதைத் தொடவே முடியாது என்று நினைத்துவிடக் கூடாது. மாற்றுவதற்கு இரண்டு படி ஏற வேண்டும், அவ்வளவுதான்.

1. முதலில் அதை மாறும் விதியாக ஆக்க வேண்டும். இதற்கு நிலைமாற்றம் என்று பெயர் வைத்துக்கொள்வோம். 109-ஆம் விதிப்படி இதற்கு ஒருவர்கூட மறுக்காத ஏகமனதான வாக்கு வேண்டும்.
2. பிறகு அடுத்த ஒரு முறையில், மற்ற மாறும் விதிகளைத் திருத்துவதுபோல அதையும் திருத்தலாம் அல்லது நீக்கலாம்.

மாறா விதியும் மாறும் விதியும் மோதினால் மாறா விதியே நிற்கும், மற்றது செல்லாது என்கிறது 110. மாறும் விதிகள் தமக்குள் மோதினால் சிறிய எண் கொண்டது வெல்லும். 'இன்ன விதிக்கு மேலாக இது செல்லும்' என்று ஒரு விதி தன்னைப் பற்றியே சொல்லியிருந்தால் மட்டும் அந்தச் சொல் எண்ணை முந்தும்.

"நான்தான் வென்றேன்" கேள்விக்கும் இங்கேயே விடை இருக்கிறது. குறிப்பிட்ட புள்ளிகளை எட்டுவதுதான் வெற்றி, அதை வேறொன்றாக மாற்றக் கூடாது என்று 112 சொல்கிறது. அது மாறா விதி. ஆனால் எத்தனை புள்ளி, எப்படிக் கிடைக்கும் என்பவை மாறும் அடுக்கில் இருக்கின்றன. 35 புள்ளியில் நிற்பவர் வெற்றி எல்லையை 100-லிருந்து 30 ஆகக் குறைக்கும் முன்மொழிவைக் கொண்டுவரலாம். நிறைவேறினால் முறைப்படியே வென்றவராகிவிடுவார்.

ஒரு முறையில் நடப்பது

தொடக்க விதிகளின்படி ஒருவரின் முறை இப்படிப் போகும்.

1. ஒரு விதிமாற்றத்தை எழுத்தில் வைக்கிறார். வாயால் சொன்னது செல்லாது (106).
2. மற்றவர்கள் வாதிடலாம், திருத்தம் சொல்லலாம். இறுதி வடிவம் முன்மொழிந்தவர் கையில் (111).
3. எல்லோரும் வாக்களிக்கிறார்கள். விலகி இருக்க அனுமதி இல்லை (105).
4. நிறைவேறினால் அந்த நொடியிலிருந்து அமல். முன்தேதியிட்டு எதையும் அமலாக்க முடியாது (107).
5. பகடையை ஒருமுறை உருட்டி, விழுந்த எண்ணைத் தன் கணக்கில் சேர்க்கிறார்.

தபால் வழியோ கணினி வழியோ ஆடும்போது பகடைக்குப் பதில் ஒரு சூத்திரம் உண்டு. முன்மொழிவின் எண்ணிலிருந்து 291-ஐக் கழித்து, கிடைத்த ஆதரவின் விகிதத்தால் பெருக்க வேண்டும். 301-ஆம் முன்மொழிவு முழு ஆதரவு பெற்றால் 10 புள்ளி. 341-ஆவது பெற்றால் 50. அந்த வடிவத்தில் வெற்றி எல்லை 200.

எதிர்த்து வாக்களித்தால் ஏன் புள்ளி?

இந்த ஆட்டத்தில் எனக்கு மிகவும் பிடித்த பகுதி 203, 204, 206 ஆகிய மூன்று விதிகளும் சேர்ந்து செய்யும் வேலை.

203 சொல்வது: தொடக்கத்தில் எந்த விதிமாற்றத்துக்கும் ஏகமனதான வாக்கு வேண்டும். இரண்டு சுற்று முடியும்வரை யாரும் இந்த விதியைத் திருத்தாவிட்டால், அது தானாகவே எளிய பெரும்பான்மை போதும் என்று மாறிவிடும். 204: ஏகமனது தேவைப்படாத நிலை வந்தபின், வென்ற முன்மொழிவை எதிர்த்து வாக்களித்தவர்களுக்குத் தலா 10 புள்ளி. 206: முன்மொழிவு தோற்றால் முன்மொழிந்தவருக்கு 10 புள்ளி குறையும்.

ஐந்து பேர் ஆடுவதாக வைத்துக்கொள்வோம். பகடையின் சராசரி 3.5. அதை மட்டும் நம்பி 100-ஐ எட்ட ஏறக்குறைய 29 சுற்று வேண்டும். ஆனால் பெரும்பான்மை முறை வந்தபிறகு, மற்ற நால்வரின் முன்மொழிவுகளும் நிறைவேறி, நான்கையும் எதிர்த்தவர் ஒருவர் இருந்தால் அவருக்கு ஒரே சுற்றில் 40 புள்ளி. பகடையையும் சேர்த்தால் மூன்று சுற்றில் ஆட்டமே முடிந்துவிடும்.

ஆகவே முன்மொழிவு நல்லதா கெட்டதா என்பதைத் தாண்டி ஒவ்வொருவருக்கும் ஓர் ஆசை வந்துவிடுகிறது: இது நிறைவேற வேண்டும், ஆனால் என் வாக்கு எதிரானதாக இருக்க வேண்டும். எல்லோரும் அப்படியே நினைத்தால்? முன்மொழிந்தவர் தவிர நால்வரும் எதிர்ப்பார்கள், முன்மொழிவு தோற்கும், அவருக்கு 10 போகும். அடுத்தவருக்கும் அதே கதி. ஒரு சுற்றுக்கு ஒவ்வொருவரும் சராசரியாக 6.5 புள்ளி இழப்பார்கள்.

வெளியிலிருந்து பார்த்தால் 204 தோற்றவர்களுக்குத் தரும் ஆறுதல் பரிசுபோலத் தெரியும். உண்மையில் அது வாக்குக்கு ஒரு விலையை ஒட்டிவிடுகிறது. நாமிக் ஆடுகிறவர்கள் ஒருவரின் வாக்கை அவருடைய கருத்தாக அப்படியே எடுத்துக்கொள்ள முடியாமல் போவது இதனால்தான்.

பூட்டுவது எளிது, திறப்பது கடினம்

109-ஆம் விதியை இன்னொரு முறை படிக்க வேண்டும். மாறா விதியை மாறும் விதியாக்க ஏகமனது வேண்டும் என்று மட்டும்தான் அது சொல்கிறது. எதிர்த்திசையைப் பற்றி, அதாவது மாறும் விதி ஒன்றை மாறா விதியாக்குவதைப் பற்றி, அது வாய் திறக்கவில்லை. எனவே எதிர்த்திசை நிலைமாற்றத்துக்குச் சாதாரண விதிமாற்றத்துக்கு உரிய வாக்கே போதும். இரண்டு சுற்றுக்குப் பிறகு அது எளிய பெரும்பான்மை.

இதன் விளைவை ஐந்து பேர் கொண்ட மேசையில் பார்க்கலாம். மூவர் கைகோத்து, "பகடையில் ஆறு விழுந்தால் முதல் மூன்று இருக்கைக்காரர்களுக்கு இரட்டிப்புப் புள்ளி" என்ற விதியை 3-க்கு 2 என்று நிறைவேற்றுகிறார்கள். அடுத்த முறை அதே 3-க்கு 2 வாக்கில் அதை மாறா விதியாக்கிவிடுகிறார்கள். இனி அதை அசைக்க ஐந்து பேரும் ஒப்புக்கொள்ள வேண்டும், அதனால் ஆதாயம் அடையும் மூவரும் உட்பட. அவர்களில் ஒருவர் பின்னால் மனம் மாறி மற்ற இருவர் பக்கம் வந்தாலும் பயனில்லை. இரண்டு நாள் கூட்டணி நிரந்தரமாகிவிடும்.

மாறும் விதிகள் 25-க்கு மேல் போகக் கூடாது என்ற 209 இதற்கு இன்னொரு தூண்டுதல். தொடக்கத்திலேயே 13 இருப்பதால் இன்னும் 12-க்குத்தான் இடம். இடம் நிரம்பியதும் பழைய விதியை நீக்க வேண்டும், அல்லது ஒன்றை மாறா அடுக்குக்கு ஏற்றிவிட்டு இடம் பிடிக்க வேண்டும். ஏற்றிவிடுவதற்கு நல்ல சாக்கு கிடைத்துவிடுகிறது.

இதைவிட ஆழமான ஓட்டை ஒன்று உண்டு. ஆட்டக்காரர் ஒவ்வொருவரும் வாக்காளர் என்று 105 உறுதிசெய்கிறது. ஆட்டக்காரர் என்றால் யார் என்று தொடக்க விதிகள் 29-இல் ஒன்றுகூட வரையறுக்கவில்லை. "தொடர்ந்து மூன்று முன்மொழிவுகளில் தோற்றவர் ஆட்டக்காரர் அல்லர்" என்று ஒரு மாறும் விதியைப் பெரும்பான்மை நிறைவேற்றினால் அது 105-உடன் மோதவில்லை. எல்லா ஆட்டக்காரருக்கும் இன்னும் வாக்கு இருக்கிறது, வெளியேற்றப்பட்டவர் ஆட்டக்காரர் இல்லை, அவ்வளவே. தோல்வியைவிடப் பெரிய தண்டனை கூடாது என்கிற 113-ஐக் காட்டி அவர் வாதாடலாம். வெளியேற்றம் என்பது தோல்விதானே என்று எதிர்வாதம் வரும். அதன்பின் மிஞ்சியவர்களுக்குள் ஏகமனது காண்பது எளிது. ஏகமனது என்ற காவல், கதவுக்குள் யார் இருக்கிறார்கள் என்பதை வேறொருவர் முடிவுசெய்ய முடிகிறவரை வெறும் சொல்தான்.

ஆட்டம் முட்டிக்கொண்டால்

213-ஆம் விதி வித்தியாசமானது. மேற்கொண்டு ஆட முடியாத நிலை வந்தாலோ, ஒரு நகர்வு சரியா தவறா என்று தீர்மானிக்கவே முடியாமல் போனாலோ, தன் முறையை முதலில் முடிக்க முடியாமல் போனவரே வெற்றியாளர். புள்ளி சேர்ப்பதைவிட விதிகளைச் சிக்கவைப்பதையே சிலர் குறியாகக் கொள்வது இதனால்.

ஓர் எடுத்துக்காட்டு. 304-ஆம் விதி: முன்மொழிவில் வலப்பக்கத்தவர் கையெழுத்திட்ட பிறகே வாக்கெடுப்பு தொடங்கலாம். நியாயமாகத்தான் தெரிகிறது. சில முறைகள் கழித்து 309: வாக்கெடுப்பு முடியாத தாளில் யாரும் கையெழுத்திடக் கூடாது. மோசடியைத் தடுக்கிற விதிபோல இதுவும் நியாயமாகத் தெரிகிறது. இரண்டையும் சேர்த்துப் படித்தால் இனி எந்த வாக்கெடுப்பும் நடக்காது.

இப்போது என்ன ஆகும்? விதிமாற்றம் முற்றிலும் முடியாமல் போகக் கூடாது என்ற மாறா விதி 114 இருப்பதால் 309 செல்லாது, ஆட்டம் தொடரலாம் என்பது ஒரு கட்சி. ஆட்டம் நின்றுவிட்டது, 213-ஐப் பாருங்கள் என்பது மறு கட்சி. வழக்கு நீதிபதியிடம் போகும். நீதிபதி யார்? 212-இன்படி, இப்போது ஆடவேண்டியவருக்கு முந்தைய முறைக்காரர். அதாவது 309-ஐ எழுதியவரேதான்! அவர் தீர்ப்பை மாற்ற மற்ற எல்லோரும் ஒருமனதாக வாக்களிக்க வேண்டும். இதில் இன்னொரு நுணுக்கமும் இருக்கிறது. 309-ஐ முன்மொழிந்தவர் தன் பகடையை உருட்டி முறையை முடித்துவிடுவார். முதலில் முட்டிக்கொள்பவர் அவருக்கு அடுத்தவர். ஆகவே இந்தப் பொறியால் வெல்ல நினைப்பவர் அதைத் தானே வைக்கக் கூடாது. தனக்கு முன்னால் இருப்பவரை வைக்கச் செய்ய வேண்டும்.

விதிகள் தெளிவாக இல்லாதபோது நீதிபதி ஆட்ட வழக்கத்தையும் ஆட்டத்தின் உணர்வையும் பார்க்க வேண்டும் என்றும் 212 சொல்கிறது. எழுதப்படாத ஒன்றை எழுதப்பட்ட விதியே துணைக்கு அழைக்கும் இடம் இது. கீழே இது மீண்டும் வரும்.

மேசைக்கு வெளியே: தன்னைத் திருத்தும் சட்டங்கள்

டென்மார்க்கின் சட்ட அறிஞர் ஆல்ஃப் ராஸ் 1969-இல் ஒரு புதிரை முன்வைத்தார். டென்மார்க் அரசியலமைப்பின் 88-ஆம் பிரிவு திருத்த முறையைச் சொல்கிறது. அந்த 88-ஐப் பயன்படுத்தி 88-ஐயே மாற்றினால், புதிய பிரிவு தன் அதிகாரத்தைத் தனக்கு நேர்முரணான பழைய பிரிவிலிருந்து பெறுகிறது. தர்க்கப்படி அது முடியாது என்றார் ராஸ். சூபரின் பதில் வேறு. சட்டம் கணிதத் தேற்றம்போல ஒன்றிலிருந்து ஒன்று வழிவருவதில்லை, அதற்கு உட்பட்டவர்கள் ஏற்றுக்கொள்வதால் நிற்கிறது. முரண்பாடு இருந்தாலும் திருத்தம் நடக்கத்தான் செய்கிறது. நாமிக்கின் 115-ஆம் விதி இதை வெளிப்படையாகவே அனுமதிக்கிறது: தன் அதிகாரத்தையே திருத்தும் மாற்றமும் செல்லும்.

நாட்டுச் சட்டங்கள் இந்த இடத்தில் ஒன்றுபோல் இல்லை. அமெரிக்க அரசியலமைப்பின் 5-ஆம் பிரிவு, திருத்தத்துக்கு நான்கில் மூன்று பங்கு மாநிலங்களின் ஒப்புதல் வேண்டும் என்கிறது. தன்னைத் திருத்துவதைப் பற்றி அது எதுவும் சொல்லவில்லை.

இந்திய அரசியலமைப்பின் 368-ஆம் பிரிவு தன்னைப் பற்றியும் பேசுகிறது. 368-ஐத் திருத்துவதானால் நாடாளுமன்றத்தின் சிறப்புப் பெரும்பான்மையோடு குறைந்தது பாதி மாநிலச் சட்டமன்றங்களின் ஒப்புதலும் வேண்டும். 1967-இல் கோலக்நாத் வழக்கில் உச்ச நீதிமன்றம் 6-க்கு 5 என்ற கணக்கில், அடிப்படை உரிமைகளை நாடாளுமன்றம் பறிக்க முடியாது என்றது. 1971-இல் 24-ஆம் திருத்தம் 368-ஐயே மாற்றி அந்தத் தடையைக் கடந்தது. 1973 ஏப்ரல் 24 அன்று கேசவானந்த பாரதி வழக்கில் 13 நீதிபதிகள் 7-க்கு 6 என்று தீர்ப்பளித்தார்கள்: எதையும் திருத்தலாம், ஆனால் அரசியலமைப்பின் அடிப்படைக் கட்டமைப்பை அழிக்கக் கூடாது. அந்தச் சொல் அரசியலமைப்பில் எங்கும் இல்லை. 212-ஆம் விதியின் 'ஆட்டத்தின் உணர்வு' இங்கே நீதிமன்றத்தின் வாயிலாக எழுந்து நிற்கிறது. 1976-இல் 42-ஆம் திருத்தம், எந்தத் திருத்தத்தையும் நீதிமன்றத்தில் கேள்வி கேட்க முடியாது என்று 368-க்குள் எழுதிவைத்தது. 1980-இல் மினர்வா மில்ஸ் வழக்கில் அதுவும் வீழ்ந்தது. அளவோடு தரப்பட்ட அதிகாரத்தைக் கொண்டே அந்த அளவை அழித்துக்கொள்ள முடியாது என்பது காரணம்.

இலங்கை: பூட்டு உடையாமலே கதவு திறந்த கதை

நாமிக்கின் 'ஆட்டக்காரர் யார்' என்ற ஓட்டையை வெறும் அறிவுப் பயிற்சியாக எடுத்துக்கொள்ள என்னால் முடியவில்லை. தமிழர்கள் அதை வாழ்ந்து பார்த்திருக்கிறார்கள்.

விடுதலையின்போது இலங்கைக்கு இருந்த சோல்பரி அரசியலமைப்பின் 29(2) ஒரு காவல் விதி. மற்றச் சமூகத்தாருக்கு இல்லாத தடையை ஒரு சமூகத்தாருக்கு மட்டும் விதிக்கும் சட்டம் செல்லாது என்றது. அரசியலமைப்பைத் திருத்த மொத்தப் பிரதிநிதிகளில் மூன்றில் இரண்டு பங்கு வாக்கு தேவைப்பட்டது. அந்தப் பூட்டை யாரும் தொடவில்லை. மாறாக, 1948-இல் சாதாரணச் சட்டமாகக் குடியுரிமைச் சட்டம் வந்தது. தேயிலைத் தோட்டங்களில் தலைமுறைகளாக உழைத்த மலையகத் தமிழர்களில் மிகப் பெரும்பாலோர் அதன்படி குடிமக்கள் அல்லாதவர் ஆனார்கள். 1949-இல் தேர்தல் சட்டம் திருத்தப்பட்டு, குடிமக்களுக்கு மட்டுமே வாக்கு என்றானது. 1947 தேர்தலில் வாக்களித்துத் தங்கள் பிரதிநிதிகளைப் பாராளுமன்றத்துக்கு அனுப்பியவர்கள், 1952 தேர்தலில் பெரும்பாலும் வாக்காளர் பட்டியலிலேயே இல்லை.

இது 29(2)-ஐ மீறவில்லையா என்ற கேள்வி, அன்று இலங்கைக்கு இறுதி மேல்முறையீட்டு நீதிமன்றமாக இருந்த லண்டன் பிரிவி கவுன்சில்வரை போனது. தன் குடிமக்கள் யார் என்று வகுப்பது ஒரு நாட்டின் இயல்பான உரிமை, இதில் ஒரு சமூகத்தின் மேல் தடை ஏதும் இல்லை என்று 1953-இல் விடை வந்தது. விதியின் எழுத்து அப்படியே இருந்தது. அது யாரைக் காக்க வேண்டுமோ அவர்கள் மேசையிலிருந்து எழுப்பப்பட்டிருந்தார்கள்.

அடுத்த கட்டம் இன்னும் கூர்மையானது. 1964-இல் வேறொரு வழக்கில் பிரிவி கவுன்சில், 29(2) என்பது இலங்கை மக்கள் தங்களுக்குள் செய்துகொண்ட உடன்பாட்டின் அடித்தளம், மாற்றவே முடியாதது என்ற கருத்தைச் சொன்னது. மாறா விதியிலும் மாறா விதி. 1970-இல் பெரும் வெற்றியோடு வந்த அரசு அதைத் திருத்த முயலவே இல்லை. பிரதிநிதிகள் பாராளுமன்றக் கட்டடத்தில் கூடாமல் நவரங்கஹல மண்டபத்தில் அரசியல் நிர்ணய சபையாகக் கூடினார்கள். பழைய சட்டத்தின் திருத்த முறையைப் பின்பற்றவில்லை, அதிலிருந்து அதிகாரம் பெறவும் இல்லை. தமிழரசுக் கட்சி 1971-இல் சபையிலிருந்து வெளியேறியது. 1972 மே 22 அன்று புதிய அரசியலமைப்பு நடைமுறைக்கு வந்தபோது 29(2) இல்லாமல் போயிருந்தது. ஓர் ஆட்டத்தை நிறுத்திவிட்டு அதே மேசையில் வேறு ஆட்டத்தைத் தொடங்குவதை எந்த 109-ஆம் விதியாலும் தடுக்க முடியாது. சட்டம் ஏற்பினால்தான் நிற்கிறது என்று சூபர் சொன்னதன் கசப்பான பக்கம் இது. யாருடைய ஏற்பு என்ற கேள்வி அதற்குள் மறைந்துவிடுகிறது.

1978-இன் அரசியலமைப்பு பூட்டுகளைக் கவனமாகவே வைத்தது. 83-ஆம் உறுப்புரை, சில உறுப்புரைகளைத் திருத்த மூன்றில் இரண்டு பங்கோடு பொதுவாக்கெடுப்பும் வேண்டும் என்கிறது. அந்தப் பட்டியலில் 83-ஐயும் சேர்த்திருக்கிறது. தன்னையே பூட்டிக்கொண்ட பூட்டு. பாராளுமன்றத்தின் ஆயுளை 6 ஆண்டுக்கு மேல் நீட்டவும் பொதுவாக்கெடுப்பு வேண்டும் என்பதும் அதில்தான் உள்ளது. சூபரின் ஆட்டம் அச்சான அதே 1982-இல், டிசம்பர் 22 அன்று அந்தப் பொதுவாக்கெடுப்பு நடந்தது. 54 சதவீதத்துக்குச் சற்று மேலானோர் ஆதரிக்க, 1977-இல் தேர்வான பாராளுமன்றம் பொதுத்தேர்தல் இல்லாமலே இன்னும் 6 ஆண்டு நீண்டது. யாழ்ப்பாண மாவட்டம் பெருவாரியாக எதிர்த்து வாக்களித்தது. காகிதத்தில் எல்லாம் விதிப்படியே நடந்தது.

2015-இல் 19-ஆம் திருத்தம் ஜனாதிபதி, பாராளுமன்றம் இரண்டின் காலத்தையும் 5 ஆண்டாகக் குறைத்தது. 83-ஐத் தொடப் பொதுவாக்கெடுப்பு வேண்டும் என்பதால் அதில் இருந்த '6 ஆண்டு' அப்படியே விடப்பட்டது. 5-க்கும் 6-க்கும் இடையில் ஓர் ஆண்டு இடைவெளி. நாமிக் ஆடிப் பழகியவர் கண்ணில் முதலில் படுவது இப்படிப்பட்ட இடைவெளிதான்.

நிற்காமல் நடக்கும் ஓர் ஆட்டம்

மேசையில் ஆடும் நாமிக் ஓரிரு நாளில் முடிந்துவிடும். 1993 ஜூன் 30-இல் தொடங்கிய 'அகோரா' என்ற நாமிக் மின்னஞ்சல் வழியாக முப்பது ஆண்டுகளைத் தாண்டியும் நடக்கிறது. முன்மொழிவுகளின் எண் 8000-ஐக் கடந்துவிட்டது. ஆட்டக்காரரை ஆண், பெண் என்று பிரிக்காமல் குறிக்க அவர்கள் ஆங்கிலத்தில் தனிச் சுட்டுப்பெயர்களையே பழக்கத்தில் வைத்திருக்கிறார்கள். தமிழில் 'அவர்' அந்த வேலையை ஆரவாரமின்றிச் செய்துவிடுகிறது.

இத்தனை காலம் ஓடியதற்கு அகோராக்காரர்கள் கண்டுபிடித்த மூன்று ஏற்பாடுகள் முக்கியம்.

1. இரண்டு அடுக்குக்குப் பதில் வலு. ஒவ்வொரு விதிக்கும் எண்ணாக ஒரு வலு உண்டு. வலு கூடிய விதியை மாற்ற அதிக விகித ஆதரவு வேண்டும். மாறும், மாறா என்ற இரண்டே நிலைக்குப் பதில் படிப்படியான கடினம்.

2. இறுகலுக்குத் தடை. நியாயமான எந்த முயற்சியாலும் நான்கு வாரத்துக்குள் விதிகளை மாற்ற முடியாத நிலையை அவர்கள் இறுகல் என்கிறார்கள். ஒரு மாற்றம் ஆட்டத்தை இறுகச் செய்யுமானால் அந்த மாற்றமே நிகழாததாகிவிடும். மேலே பார்த்த 304, 309 பொறி இங்கே பலிக்காது.

3. பதிவு தானாக உறுதியாதல். இது மூன்றிலும் நுட்பமானது. விதிகள் விதிகளின் மேல் அடுக்கப்பட்டவை. பல ஆண்டுக்கு முன் நடந்த ஒரு வாக்கெடுப்பில் ஒரு வாக்கு செல்லாதது என்று இன்று தெரியவந்தால், அந்த முன்மொழிவு விழும், அதன்மேல் எழுந்த விதி விழும், அந்த விதிப்படி நடந்த எல்லா வாக்கெடுப்புகளும் விழும். அடியில் ஒரு செங்கல் உருவினால் சுவரே சரியும். ஆகவே வாக்கெடுப்பின் முடிவு போன்ற பொறுப்பான பதிவு ஒன்று வெளியாகி ஒரு வாரம் எவரும் மறுக்காவிட்டால், அதில் எழுதியிருப்பதே உண்மை என்று ஆட்டம் ஏற்றுக்கொள்ளும். உண்மையில் தவறாக இருந்திருந்தாலும் அப்படித்தான்.

இந்த மூன்றாவது ஏற்பாட்டில் பெரும்பான்மைக்கு வேலையே இல்லை. அந்த ஒரு வாரத்துக்குள் ஒரே ஓர் ஆட்டக்காரர் "இது தவறு" என்று முறைப்படி சொன்னால் போதும், அவர் ஐயத்துக்கு விடை கிடைக்கும்வரை அந்தப் பதிவு உறுதியாகாது.